யு.பி.40: ஒரு அரசாங்க அட்டையின் பெயரில்

1980 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் இசைத்தட்டுக் கடைகளுக்கு ஒரு புதுத் தட்டு வந்தது. உறையில் பாடகரின் முகம் கிடையாது, கிதார் கிடையாது. அரசாங்க அலுவலகத்தில் கொடுக்கிற ஒரு அட்டைதான் பெரிதாக்கி அச்சடிக்கப்பட்டிருந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகை, படிவம் எண் 40. ஆங்கிலத்தில் சுருக்கினால் யு.பி.40. உதவித்தொகை வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். குறித்த நாளில் போய் வரிசையில் நின்று, தனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலை கிடைத்துவிட்டால் பெயரை அடித்துவிட்டு வர வேண்டும். இதற்கு அங்கே பேச்சில் 'சைனிங் ஆஃப்' என்று சொல்வார்கள். தட்டின் பெயர் அதுதான். தட்டைப் போட்ட குழுவின் பெயர் அட்டையின் பெயர்.

தெருவில் போகிறவனை அதிகாரம் 'ஏய்' என்று கூப்பிடுகிறது, அவன் திரும்பிப் பார்க்கிறான், திரும்பிய அந்தக் கணத்தில் அவன் அதிகாரத்துக்குரிய தன்னிலை ஆகிவிடுகிறான் என்று அல்துசர் சொன்னதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. கூப்பிடப்பட்டவர்கள் திரும்பத்தான் செய்தார்கள். ஆனால் எட்டுப் பேராகத் திரும்பினார்கள். தங்களைக் கூப்பிட்ட எண்ணையே எடுத்துத் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வசைச்சொல்லைப் பெயராக வரித்துக்கொண்டவர்கள் வரலாற்றில் உண்டு. இது வசைச்சொல்கூட இல்லை, வெறும் கோப்பு எண். அன்றைக்கு இந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு, ஏற்கெனவே தாங்கள் உறுப்பினராக இருக்கிற ஒரு சங்கம் மாதிரி இந்தக் குழு தோன்றியிருக்க வேண்டும்.

இதே பெயர் 30 ஆண்டுக்கு மேல் கழித்து, 'இது யாருடைய சொத்து' என்ற கேள்வியாக லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இடையில் என்ன நடந்தது? 'ஆரம்பத்துல போராளிங்க, அப்புறம் வித்துப்போயிட்டாங்க' என்று ஒரு கதை நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. எந்தக் கலைஞனுக்கும் மாட்டிவிடக்கூடிய சட்டை அது. யு.பி.40க்கு அது சரியாக இல்லை என்பது என் எண்ணம். விரிசல் பாட்டில் விழவில்லை, கணக்குப் புத்தகத்தில் விழுந்தது.

முதலில் ஊர். பர்மிங்ஹாம். வந்தேறிகளைத் தடுக்காவிட்டால் ரத்தம் ஓடும் என்கிற பொருளில் இனாக் பவல் 1968 ஏப்ரலில் பேசிய இழிபுகழ் பெற்ற பேச்சு இந்த ஊர் ஓட்டல் ஒன்றில்தான் நடந்தது. 1976 ஆகஸ்டில் எரிக் கிளாப்டன் குடிபோதையில் மேடையேறி, பவல் சொன்னதுதான் சரி, வெளிநாட்டுக்காரர்களைத் துரத்த வேண்டும் என்று கத்தியதும் இதே ஊரில். இரண்டு வருஷம் முன்னால் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர் இந்தக் கிளாப்டன். கறுப்பனின் பாட்டு வேண்டும், கறுப்பன் வேண்டாம். இந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகத்தான் 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம் பிறந்தது. நேஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சி தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம். மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியின் கார் தொழிற்சாலைகளும் உலோகப் பட்டறைகளும் ஆட்குறைப்பு செய்யத் தொடங்கியிருந்தன.

இந்த ஊரின் தெற்கே பால்சால் ஹீத், மோஸ்லி என்று சில பகுதிகள். அயர்லாந்துக்காரர், ஜமைக்காக்காரர், பாகிஸ்தானியர், ஏமன்காரர் என்று எல்லாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். குழுவில் பலர் மோஸ்லி கலைப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அலி காம்ப்பெல் பாட்டு, அவர் அண்ணன் ராபின் கிதார், ஏர்ல் ஃபால்கனர் பேஸ் கிதார், ஜிம்மி பிரவுன் டிரம், பிரையன் டிராவர்ஸ் சாக்ஸபோன், மிக்கி விர்ச்சூ கீபோர்ட், நார்மன் ஹசன் தாளவாத்தியம். கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தவர் டெரன்ஸ் வில்சன். எல்லாரும் ஆஸ்ட்ரோ என்றே கூப்பிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் அரபு வழியினரும் கலந்த குழு. கலப்பு என்பது இவர்களுக்குக் கொள்கை அறிக்கை எதுவுமில்லை. தெருவில் இருந்தது குழுவிலும் இருந்தது, அவ்வளவுதான்.

காம்ப்பெல் சகோதரர்களின் அப்பா இயன் காம்ப்பெல் ஸ்காட்லாந்துக்காரர், இடதுசாரி, அறியப்பட்ட நாட்டுப்புறப் பாடகர். தொழிலாளர் பாட்டும் அணுகுண்டு எதிர்ப்புப் பாட்டும் வீட்டிலேயே ஒலித்திருக்கும். மகன்கள் அந்த இசையை எடுத்துக்கொள்ளவில்லை. இதை அப்பாவை மறுத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தெருவில் அன்றாடம் கேட்கிற பாட்டுதான் நாட்டுப்புறப் பாட்டு என்றால், 1970களின் பால்சால் ஹீத்தில் அது ரெகேதான். அப்பா சொன்னதை அப்பாவைவிடக் கறாராகச் செய்தார்கள் மகன்கள்.

1978 கடைசியில் குழு கூடியபோது பலருக்கு வாத்தியம் வாசிக்கவே தெரியாது. ஒரு மதுக்கடைச் சண்டையில் அலிக்கு விழுந்த காயத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணம் கருவிகள் வாங்க உதவியது. நிலவறையில் உட்கார்ந்து, தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினார்கள். சாப்பாட்டுக்கு? உதவித்தொகைதான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சோம்பேறிகளுக்குப் போடுகிற தண்டச்சோறு என்று வலதுசாரிகள் தூற்றுகிற அந்தப் பணம்தான் அந்தத் தலைமுறையின் எத்தனையோ இசைக்குழுக்களுக்குப் பயிற்சிக் காலத்தை வாங்கிக்கொடுத்தது. நிறுவனம் எதுவும் கொடுத்திருக்காது. 1979 பிப்ரவரி 9 அன்று கிங்ஸ் ஹீத்தில் 'ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்ற மதுவிடுதியில், நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு முதல் முறையாக மேடையேறினார்கள்.

ரெகே கேட்டுப் பழகாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண ராக் இசையில் பாட்டும் கிதாரும் முன்னால் நிற்கும், பேஸ் பின்னால் தாங்கிக்கொண்டிருக்கும். ரெகேயில் இது தலைகீழ். பேஸ்தான் மெட்டு, வயிற்றில் வந்து இடிக்கும். கிதார் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் 'சக், சக்' என்று வெட்டிவிட்டு விலகிக்கொள்ளும். அடி விழ வேண்டிய இடத்தில் பல நேரம் மௌனம் இருக்கும். உழைப்பின் தாளம் அடியில் விழும். இது அடியைத் தவிர்த்து நடக்கிற நடை. யு.பி.40 இந்த வடிவத்தை ஜமைக்காவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது, ஆனால் வேகத்தைக் குறைத்து, டிராவர்ஸின் சாக்ஸபோனைப் பாடகருக்குச் சமமாக முன்னால் நிறுத்தியது. முதல் தட்டில் அந்த சாக்ஸபோன் ஒரு சாம்பல் நிறம் கொடுக்கிறது. கரீபியத் தீவின் வெயில் கிடையாது. மூடிய தொழிற்சாலைச் சுவரை ஒட்டி மழையில் நடக்கிற இசை.

அந்தத் தட்டை ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுக்கவில்லை. பாப் லாம்ப் என்பவரின் சின்னஞ்சிறு வாடகை வீட்டில், எட்டுத் தடக் கருவியில் எடுத்தார்கள். இடம் போதாமல் தாளவாத்தியங்களைத் தோட்டத்தில் வைத்துப் பதிந்தார்கள். உற்றுக் கேட்டால் பறவைச் சத்தம் கேட்கும். வெளியிட்டது டட்லி ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவரின் 'கிராஜுவேட்' என்ற சின்ன நிறுவனம். அதற்கு முன்பே, 1980 தொடக்கத்தில், 'கிங்', 'ஃபுட் ஃபார் தாட்' என்ற இரண்டு பாட்டுகள் கொண்ட சிறுதட்டு பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமலே நாலாம் இடத்துக்குப் போயிருந்தது. ஒன்று மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றியது. இன்னொன்று ஆப்பிரிக்கப் பட்டினிக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் நடுவில் நிற்பது. 'சைனிங் ஆஃப்' இரண்டாம் இடம் பிடித்து, ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலில் நின்றது.

அந்தத் தட்டின் முதல் பாட்டு 'டைலர்'. 1974இல் லூசியானா மாநிலத்தில், பள்ளிகளில் கறுப்பு வெள்ளைக் குழந்தைகளைச் சேர்த்துப் படிக்கவைத்ததை எதிர்த்து நடந்த கலவரத்தில், ஒரு வெள்ளைச் சிறுவன் சுடப்பட்டு இறந்தான். கறுப்பு மாணவர்கள் போன பேருந்திலிருந்த 16 வயது கேரி டைலர் கைதானார். முழுக்க வெள்ளையர் கொண்ட நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு ஆயுளாக மாறியது. பர்மிங்ஹாமில் வேலையில்லாத எட்டுப் பேர் தங்கள் முதல் தட்டின் முதல் பாட்டை, கடலுக்கு அந்தப் பக்கம் சிறையில் கிடக்கிற இந்தப் பையனுக்குக் கொடுத்தார்கள். தங்கள் சொந்த வறுமையிலிருந்து தொடங்கவில்லை. 'பர்டன் ஆஃப் ஷேம்' பாட்டு பிரிட்டிஷ் பிரஜை என்கிற பெருமையை அவமானச் சுமையாகக் கவிழ்த்துப் போடுகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனின் பங்கை நேராகக் குற்றம் சாட்டுகிறது. 'மேடம் மெடூசா' என்று பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற ஒரு பாட்டு. அந்த மெடூசா யார் என்று அன்றைக்கு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தாட்சர் பதவிக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் விற்ற தட்டிலிருந்து 'பர்டன் ஆஃப் ஷேம்' பாட்டை நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் குழு கிராஜுவேட்டை விட்டு வெளியேறியது. டி.இ.பி. இன்டர்நேஷனல் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். பாட்டுகளை யார் எழுதினாலும் ஆசிரியர் பெயர் 'யு.பி.40' என்றே அச்சாகும். வருமானம் எட்டுப் பேருக்கும் சமபங்கு. மெட்டுப் போட்டவருக்குக் கூடுதல், தாளம் தட்டியவருக்குக் குறைவு என்கிற பேச்சே இல்லை. இசை உலகில் இது அபூர்வம். பீட்டில்ஸ் குழுவிலேயே பெரும்பாலான பாட்டுகளுக்கு லென்னன், மக்கார்ட்னி இருவருக்குத்தான் பாட்டுரிமை. என் பார்வையில் யு.பி.40இன் அரசியல் வரிகளைவிட அதிகமாக இந்த ஏற்பாட்டில் இருந்தது.

1981 கோடையில் வந்த 'ஒன் இன் டென்' பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த ஏப்ரலில் பிரிக்ஸ்டன் எரிந்தது. ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத், பர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வொர்த் எல்லாம் எரிந்தன. மேற்கு மிட்லண்ட்ஸில் உழைக்கும் மக்களில் 9.6 சதவீதம் பேர் உதவித்தொகையில் இருந்தார்கள். பத்தில் ஒருவர். பாட்டின் தலைப்பு அந்தக் கணக்கு. ஆனால் பாட்டு புள்ளிவிவரத்தைப் பற்றிப் பேசவில்லை. புள்ளிவிவரமே 'நான்' என்று தன்னிலையில் பேசுகிறது. பட்டியலில் ஒரு எண்ணாக இருந்தது வாய் திறந்து, தெருவில் படுப்பவன், நோயாளி, பட்டினிக் குழந்தை என்று ஒவ்வொரு முகமாக மாறிக்கொண்டே போகிறது. எண்ணும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் பேசும் அதிகாரமும் இருக்கும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைப் பாட்டு ஒன்று புரட்டிப்போட்டது. நாட்டு மக்கள் முணுமுணுத்தார்கள், ஏழாம் இடம் வரை போனது. அடுத்த ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது.

அதே ஆண்டு 'பிரசன்ட் ஆர்ம்ஸ்' தட்டைப் போட்டுவிட்டு, அதையே குரல்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு பேஸையும் டிரம்மையும் எதிரொலியையும் மட்டும் வைத்து 'டப்' தட்டாகவும் வெளியிட்டார்கள். வெற்றி பெற்ற பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே அழித்து விற்பது! கிங் டப்பி போன்ற ஜமைக்கா ஒலிப்பதிவாளர்களுக்கு இது பழகிய கலை. பிரிட்டிஷ் வெகுசனப் பட்டியலுக்குப் புதுசு.

சரி, 1983க்கு வருவோம். தோழர்கள் முகம் சுளிக்கிற இடம். 'லேபர் ஆஃப் லவ்' என்ற தட்டில் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் 60களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் இவர்கள் சிறுவர்களாகக் கேட்ட ரெகே பாட்டுகள். ஜிம்மி கிளிஃப், எரிக் டொனால்ட்சன், ஸ்லிக்கர்ஸ், மெலோடியன்ஸ். பெரும்பாலும் காதல். அதிலிருந்து 'ரெட் ரெட் வைன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 1988இல் அமெரிக்காவிலும். 'தாட்சர் சுரங்கங்களை மூடப்போறா, இவங்க சாராயப் பாட்டு பாடறாங்க' என்றுதான் அன்று இடதுசாரிப் பத்திரிகை வாசகர்கள் பேசியிருப்பார்கள்.

ஆனால் ரெகேயில் 'வெர்ஷன்' என்றொரு மரபு இருக்கிறது. ஒரே தாளத்தின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுக் கட்டுவார்கள். பழைய பாட்டை எடுத்துத் திரும்பப் பாடுவது திருட்டோ சோம்பேறித்தனமோ ஆகாது, பேச்சைத் தொடர்வது. 'ரெட் ரெட் வைன்' கதையே அதற்குச் சாட்சி. அதை எழுதியவர் அமெரிக்க வெள்ளைப் பாடகர் நீல் டயமண்ட், 1967இல். 1969இல் டோனி டிரைப் அதை ரெகேயாக்கினார். இவர்கள் கேட்டது அதைத்தான். தட்டில் 'என். டயமண்ட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, நீகஸ் டயமண்ட் என்று யாரோ ஜமைக்காக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். வெள்ளையன் பாட்டைக் கறுப்பன் எடுத்து, அதைக் கறுப்பும் வெள்ளையும் கலந்த குழு கறுப்பன் பாட்டென்று நம்பிப் பாடி, கடைசியில் டயமண்டே இவர்கள் பாணியில் மேடையில் பாடத் தொடங்கினார். மூலம் எது, நகல் எது என்று தேடுகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

அப்படியானால் எல்லாம் நல்லதுதானா? இல்லை. டோனி டிரைப்பின் தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 46ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதே பாட்டை அலி காம்ப்பெல்லின் குரல் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இதில் குரலின் அழகுக்கு எவ்வளவு, தோலின் நிறத்துக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்கிறவரோடு எனக்குப் பேச எதுவும் இல்லை. இதே பர்மிங்ஹாமில், ஹான்ட்ஸ்வொர்த்தில், 1975இல் தொடங்கியது 'ஸ்டீல் பல்ஸ்' குழு. கூ க்ளக்ஸ் கிளானின் வெள்ளைக் குல்லா முகமூடியோடு மேடையேறி அந்த வெறியர்களைப் பற்றிப் பாடியவர்கள். 1978இல் வந்த 'ஹான்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' இசையாகவும் 'சைனிங் ஆஃப்' தட்டைவிட ஒரு படி மேல் என்றுதான் நான் சொல்வேன். அமெரிக்காவில் அவர்களுக்குக் கிராமி விருதுகூடக் கிடைத்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் யு.பி.40 போன உயரத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஜமைக்காவின் பழைய பாடகர்களில் பலர் தயாரிப்பாளர்களிடம் சொற்பத் தொகைக்குப் பாடிவிட்டு ஏமாந்தவர்கள். 1989இல் 'லேபர் ஆஃப் லவ்' இரண்டாம் தட்டில் யு.பி.40 பாடிய 'கிங்ஸ்டன் டவுன்' பாட்டை 1970இல் பாடியவர் லார்ட் கிரியேட்டர். டிரினிடாடில் பிறந்து ஜமைக்காவில் பாடிப் புகழடைந்து, பிறகு வறுமையில் விழுந்தவர். அந்த ஒரு பாட்டின் உரிமைத்தொகை அவருடைய முதுமையைத் தூக்கி நிறுத்தியது, 2023இல்தான் இறந்தார். 2002இல் யு.பி.40 ஒரு தட்டு கொண்டுவந்தது: ஜான் ஹோல்ட், கிரகரி ஐசக்ஸ், ஆல்டன் எல்லிஸ் போன்ற மூத்த ஜமைக்காப் பாடகர்கள் யு.பி.40இன் பாட்டுகளைப் பாடினார்கள். கொடுத்து வாங்குகிற உறவு இது. சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது, சமத்துவம் என்றும் எழுதிவிட முடியாது.

இடையில் அரசியலை விட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை கிடையாது. 1986இல் தென்னாப்பிரிக்க விடுதலைக்காக 'சிங் அவர் ஓன் சாங்'. அதே வருஷம் சோவியத் யூனியனில் பயணம் செய்து வாசித்தார்கள். மாஸ்கோ நிகழ்ச்சி அடுத்த ஆண்டு தட்டாக வந்தது. 1988 ஜூனில் சிறையிலிருந்த மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்கு வெம்ப்ளி மைதானத்தில் நடந்த நிகழ்ச்சியில் பாடினார்கள். 'ரெட் ரெட் வைன்' அமெரிக்காவில் மறுபடி ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். சாராயப் பாட்டை மண்டேலாவின் மேடை தூக்கிவிட்டது. தூய்மைவாதிகள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. 1993க்குப் பிறகு வந்த தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வம் இல்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடிய காதல் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடி அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார்கள். ஒலி பளபளப்பாயிற்று, பேஸ் பின்னால் போயிற்று.

சமபங்கு கம்யூனுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? எட்டுப் பேரும் ஒரே தொகை வாங்கினார்கள், சரி. கணக்கை யார் பார்த்தார்கள்? 'நாம எல்லாரும் ஒண்ணு' என்ற நம்பிக்கை, யார் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று கேட்பதையே அநாகரிகமாக்கிவிடும். நம் இயக்கங்களில், சிறுபத்திரிகைகளில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 ஜனவரியில் அலி காம்ப்பெல் வெளியேறினார். தொழில் நிர்வாகம் பற்றித் தான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை என்றார். அவருக்குத் தனியாகப் பாடுவதில்தான் அக்கறை என்றார்கள் மற்றவர்கள். பின்னாலேயே மிக்கி விர்ச்சூவும் போனார். அலியின் இடத்தில் இன்னொரு சகோதரர் டன்கன் வந்து பாடினார். சொந்த நிறுவனம் கடனில் மூழ்கியது. 2011இல் குழுவினர் சிலர் நீதிமன்றத்தில் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அதே 2011இல்தான் 'ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' மதுவிடுதிச் சுவரில் இவர்களின் முதல் மேடைக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

2013இல் ஆஸ்ட்ரோவும் பிரிந்து அலியோடு சேர்ந்தார். அலி, ஆஸ்ட்ரோ, மிக்கி மூவரும் யு.பி.40 என்ற பெயரில் மேடையேற, ராபினும் மற்றவர்களும் பெயர் எங்களுடையது என்று 2014இல் நீதிமன்றம் போனார்கள். அந்த நேரத்தில் அட்டையே உயிரோடு இல்லை. 1996 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு வேலையில்லாதோர் உதவித்தொகையை ஒழித்துவிட்டு, 'வேலை தேடுவோர் படி' என்று வேறு பெயரில், வேறு நிபந்தனைகளோடு கொண்டுவந்துவிட்டது. உரிமையாக இருந்தது, வேலை தேடியதை நிரூபித்தால் கிடைக்கிற சலுகையாக மாறியது. படிவம் 40 போனது. வணிகப் பெயர் மட்டும் மிஞ்சியது.

ராபின் தரப்புக் குழு 2016இல் தொழிற்கட்சித் தலைமைப் போட்டியில் ஜெரிமி கார்பினை வெளிப்படையாக ஆதரித்தது. 2019 தட்டுக்கு அந்தக் கட்சியின் முழக்கத்திலிருந்தே பெயர் வைத்தது. அலி தன் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு இன்னொரு யு.பி.40 நடத்துகிறார். மக்கள் இரண்டுக்கும் டிக்கெட் வாங்குகிறார்கள். 2021 ஆகஸ்டில் பிரையன் டிராவர்ஸ் இறந்தார், நவம்பரில் ஆஸ்ட்ரோ. ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். முதல் தட்டின் முதல் பாட்டிலிருந்த கேரி டைலர் 41 வருஷச் சிறைக்குப் பிறகு 2016 ஏப்ரலில் விடுதலையானார். வெளியே வந்தபோது அவருக்கு வயது 57.